மதியுடம்படுதலும் மலையகக் கதைமாந்தரும்



இலங்கை மலையகத்தின் அட்டன் நகரில் கூடியுள்ள இக்கருத்தரங்கிற்கு நான் தலைமை ஏற்கிறேன். கதைமாந்தர் பலர் ஒரே நினைவினராவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விசாரணை.

சிருஷ்டிகர்த்தாவாகிய ஆசிரியன் எல்லாப் பாத்திரங்களின் உள்ளத்தையும் அறிவான். ஆயினும் அவ்வறிவை அவர்களுக்கு வாரி வழங்கிவிடுதல் தகாது என்பதை நம் பழைய இலக்கணம் நுட்பமாக உணர்ந்திருந்தது. களவொழுக்கத்தில் தோழி பிறர் உள்ளத்தோடு ஒன்றும் நிலையை மதியுடம்படுதல் என்று வகுத்த தொல்காப்பியர், தலைவியின் வேறுபாடு கண்டு தானே உணர்தல், தலைவன் வந்து குறைவேண்ட உணர்தல், தானும் தலைவியும் ஒருங்கிருக்குமிடத்துத் தலைவன் வர உணர்தல் என அதற்கு மூன்று வாயில்களை அமைத்தார். வாயிலின்றி உள்ளங்கள் கலப்பதில்லை என்பதே அதன் தாத்பரியம்.

விடியலில், வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பின் ஓசைக்கு எழுந்து, ஒரே களத்தில் பேர் கொடுத்து, ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்து, இரவில் அடுத்த அறையாகிய காம்பராவின் இருமலையும் விம்மலையும் சுவர் வழியே கேட்டுத் துயின்றுவந்த, லயம் என்னும் வரிசை வீடுகளின் மக்களிடையே இத்தகைய வாயில்கள் ஏராளம். அவற்றுள் தலையாயது காமன் கூத்து. மாசியில் கம்பம் ஊன்றப்பட்டது முதல் ரதியும் மன்மதனும் ஊராரின் பிள்ளைகளாகின்றனர். சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததும் ரதி புலம்ப, அவ்வேடம் பூண்டவன் ஓர் ஆண்மகன் என்று நன்கறிந்த பெண்களும் தத்தம் இழவுகளை நினைந்து அவளோடு அழுகின்றனர். ஆனால், உயிர் பெற்ற மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான் என்பது புராணம். துயரம் எல்லார்க்கும் பொது. தரிசனமோ ஒருத்திக்கே உரியது. இவ்விரண்டையும் சிதையாமல் காத்தமையே அக்கதையின் மேன்மை.

நம் உரைநடை இலக்கியத்தை அளப்பதற்கும் இதுவே தக்க கோல் என்பது என் துணிபு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் லட்சக்கணக்கான தோட்ட மக்களைக் குடியுரிமை பற்றிய ஒரே கவலைக்கு ஆளாக்கியமையால், மலையகப் பாத்திரங்கள் ஒரே குரலில் பேசுதல் இயல்பே. எனினும் மலையக எழுத்தாளர்களாகிய சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் வழியில் எழுத வருவோர் ஒன்றை மறத்தலாகாது: கங்காணியும் கொழுந்தெடுப்பவளும் வயோதிகனும் ஒரே விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவர்போல் ஒன்றையே நினைப்பாராயின், அங்கே சிந்திப்பவன் ஆசிரியன் ஒருவனே, பாத்திரங்கள் அவன் வாய்களாகவே எஞ்சுவர்.

ஆதலால், கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: ஒரு கதையில் பலர் ஒருமனப்பட்டனர் என்று காணுமிடத்து, அந்த ஐக்கியம் எவ்வாயிலாக வந்தது என்பதையும், அவருள் ஒருவர் தமக்கெனப் பிறரறியாது வைத்துக்கொண்டது யாது என்பதையும் ஆராய்ந்து உரையுங்கள். இவ்வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.