பட்டறைச் சத்தமும் பாட்டுச் சத்தமும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் தொழில், முதலீடு, வெளிநாட்டு வேலை என்று பேசுவார்கள். செயலாளர் அண்ணா போன வாரம் ஃபோன் செய்து, "நீ படிக்கிற காலத்துல கல்ச்சுரல்ஸுக்கு மைக் செட் பார்த்தவன்தானப்பா, இந்தத் தடவை பாட்டைப் பத்திப் பேசு" என்றார். நான் பாடகன் இல்லை. மோட்டார் டெஸ்டிங் செய்து சம்பளம் வாங்குகிறவன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து, கேரேஜ் ராக் என்ற இசையைப் பற்றிப் பேசப் போகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அது நம் பழைய ஃபவுண்டரி ஷெட்டைப் பற்றியது.

கேரேஜ் என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. அமெரிக்காவில் 1960களில் பள்ளி, கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அப்பாவின் காரை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கொட்டகையில் கிட்டாரும் டிரம்மும் வைத்துப் பழகினார்கள். முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் குறைவு. மூன்று கார்டு தெரிந்தால் ஒரு பாட்டு. பாட்டின் நீளம் இரண்டு, மூன்று நிமிஷம். சனிக்கிழமை ராத்திரி நடன விருந்துகளில் வாசிப்பார்கள். அங்கே வந்தவர்கள் யாரும் உட்கார்ந்து கேட்க வரவில்லை; ஆட வந்தவர்கள். ஆட்டம் நின்றால் அடுத்த வாரம் அந்தக் குழுவுக்கு வேலை கிடையாது. அந்த நெருக்கடியில் வளர்ந்த இசை இது.

இதற்குப் பெரிய உதாரணம் 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெர்ரி என்பவர் 1950களில் எழுதிய பாட்டு. 1963இல் போர்ட்லண்ட் நகரத்தில் கிங்ஸ்மென் என்ற பையன்கள் குழு அதைப் பதிவு செய்தது. செலவு ஏறக்குறைய 50 டாலர். மைக்கை மேலே கூரைப் பக்கம் தொங்கவிட்டிருந்ததால், பாடிய ஜாக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியதாயிற்று. நடுவில் கிட்டார் முடிந்ததும் அவர் ஒரு இடம் முன்னதாகவே ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொள்வார். டிரம்மர் அந்த இடைவெளியை அடித்து நிரப்புவார். அதைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். அது அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. வார்த்தை ஒன்றும் விளங்காததால், ஏதோ ஆபாசம் இருக்கிறது என்று பெற்றோர்கள் புகார் கொடுக்க, எஃப்.பி.ஐ.யே விசாரணை நடத்தியது. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டுப் பார்த்து, என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். (சிரிப்பு)

அந்தக் கரகரச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இதற்கு நம் மூன்றாம் செமஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போதும். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எல்லை உண்டு. சப்ளை வோல்டேஜைத் தாண்டி அது அலையைத் தூக்க முடியாது. இன்புட்டை அதற்கு மேல் கொடுத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான அலையில், மூல அதிர்வெண்ணோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்துகொள்ளும். காதுக்கு அது உறுமலாகக் கேட்கும். நம் லேபில் இதை டிஸ்டார்ஷன் என்று எழுதி மார்க்கைக் குறைப்பார்கள். கேரேஜ் பையன்களோ இதுதான் வேண்டும் என்றார்கள். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். அந்தப் பாட்டு பிரிட்டனில் முதல் இடத்துக்கு வந்தது. பழுது என்று நாம் ஒதுக்கும் ஒன்று வேறொரு வேலைக்குச் சரியான கருவியாகலாம். மோட்டார் டெஸ்ட் பெஞ்சில் நிற்கும்போது எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும்.

சரி, அது அமெரிக்கா, லண்டன். நம்ம நாட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நடந்தது. 1960களின் கடைசியில் கல்கத்தா, பம்பாய், மதராஸ், பெங்களூர், ஷில்லாங் நகரங்களில் 'பீட் குரூப்' என்ற பெயரில் கல்லூரிப் பையன்களின் குழுக்கள் கிளம்பின. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் 'சிம்லா' சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுபோக 'சிம்லா பீட்' என்று அகில இந்தியப் போட்டி வைத்தது. சிகரெட் விற்க வைத்த போட்டி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அதன் புண்ணியத்தில் 1970, 1971ஆம் ஆண்டுப் போட்டிக் குழுக்களின் பாட்டுகள் இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தன. மதராஸின் 'கன்ஃப்யூஷன்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' எல்லாம் அதில் இருக்கிறார்கள். பல வருஷம் கழித்து வெளிநாட்டு ரசிகர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, மறுபதிப்பும் வந்தது.

அந்தப் பையன்களிடம் என்ன இருந்தது? இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிட்டார் யாராவது கப்பலில் வந்தவர் விற்றால் உண்டு. இல்லையென்றால் உள்ளூரில் செய்த கிட்டார். கூட்டத்துக்குப் பேசுவதற்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் அதைச் சொருகி வாசித்தார்கள். பாட்டை ரேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இப்போது அந்தத் தட்டுகளைக் கேட்டால், அமெரிக்கக் கொட்டகையில் வந்த அதே உறுமல் கேட்கிறது. இரண்டு பக்கமும் சாமான் பற்றாக்குறை, அதனால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்.

கிட்டத்துக்கு வருவோம். 2006இல் சென்னையில் 'ஸ்க்ராட்' என்ற குழு தொடங்கியது. ஸ்ரீராம் பாட்டும் கிட்டாரும், தபஸ் நரேஷ் டிரம்ஸ். அவர்களுடைய ஒரு ஆல்பத்தின் பெயரே 'இன் த ஷெட்' - கொட்டகைக்குள்ளே! நான் சென்னையில் வேலை பார்த்த நாட்களில் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறேன். நாற்காலி கிடையாது. முதல் பாட்டிலேயே கூட்டம் மேடை வரைக்கும் வந்துவிடும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே பேச்சு கிடையாது. டிரம் ஓடிக்கொண்டே இருக்கும். மேடை உயரம் குறைவாக இருந்ததால் வாசிப்பவர் முகமும் ஆடுபவர் முகமும் நேருக்கு நேர். யாராவது சோர்ந்தால் டிரம்மருக்குத் தெரிகிறது. அவர் வேகத்தைக் கூட்டுகிறார். கன்ட்ரோல் படித்தவர்கள் இதை ஃபீட்பேக் லூப் என்பார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்குப் புதுசாகவே தோன்றவில்லை. நம்ம ஊர் மாரியம்மன் நோம்பியை நினைத்துப் பாருங்கள். கம்பம் நட்டாச்சு என்றால் ராத்திரி இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். தப்பட்டை அடிக்கிறவர் கையைப் பார்ப்பதில்லை, ஆடுகிறவர்கள் காலைப் பார்த்து அடிப்பார். தோல் தளர்ந்தால் ஓரமாகத் தீ மூட்டிக் காய்ச்சுவார். தோல் இறுகும், சத்தம் ஏறும். அந்தத் தீ அவருக்கு டியூனிங் பெக். பெரியவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் காலும் தாளம் போடும். ஊரே சேர்ந்து நடத்தும் லைவ் ஷோ அது. எலெக்ட்ரிக் கிட்டார் இல்லை என்பதைத் தவிர, வேலை செய்யும் விதம் ஒன்றேதான்.

கொட்டகை என்ற விஷயத்திலும் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்த ஊரில்தான் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள். 1955இல் பி. சபாபதி இங்கேதான் வெட் கிரைண்டரைச் செய்தார். பீளமேடு, கணபதி பக்கம் போனால் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு தகரக் கூரை என்று ஆரம்பித்த பட்டறைகள் எத்தனை! எல்லாச் சாமானும் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் இல்லை அவர்கள். கையில் இருப்பதை வைத்துச் செய், ஓடவிட்டுப் பார், சரியில்லை என்றால் பிரித்து மாட்டு. கேரேஜ் ராக்கின் முறையும் இதுதான். அதனால்தான் சொல்கிறேன், இந்த இசை கோயமுத்தூர்க்காரனுக்கு அன்னியம் இல்லீங்க.

இனி கோரிக்கைக்கு வருகிறேன்.

நம் கல்லூரியில் இப்போது ஒரு மாணவர் குழு இருக்கிறது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், பாட ஒரு தங்கை. தமிழில் சொந்தமாக எழுதுகிறார்கள். பழக இடம் இல்லை. விடுதி மொட்டை மாடியில் பழகினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று வார்டன் நிறுத்தினார். அவர் நிறுத்தியது நியாயம்தான். அதன்பிறகு ஊருக்குள் வாடகைக்கு அறை தேடினார்கள். மணிக்கணக்கில் பணம் கொடுக்க முடியவில்லை. இந்த வருஷக் கல்லூரி விழாவில் இவர்கள் பெயர் இல்லை. டிரம்மர் தம்பி டிரம்ஸை விற்றுவிடலாமா என்று என்னிடம் விலை கேட்டான்.

அதே சமயம், பழைய ஃபவுண்டரி ஷெட்டை இடித்துக் கார் பார்க்கிங் கட்டலாம் என்று நம் சங்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. அமெரிக்காக்காரன் காரை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகையில் பாடினான். நாம் கொட்டகையை இடித்துவிட்டுக் காரை உள்ளே நிறுத்தப் போகிறோம். (சிரிப்பு) பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் ஒரு நாள் வரும் நம் காருக்கு மைதானம் போதும்.

என்ன ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது சத்தம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று தம்பிகள் நம்புகிறார்கள். நாமக்கல்லில் இருக்கும் முட்டை அட்டை மொத்தத்தையும் கொண்டுவந்து ஒட்டினாலும் டிரம் சத்தம் வெளியே போகும். சத்தத்தைத் தடுப்பது கனம். ஷெட்டின் செங்கல் சுவர் நல்ல கனம்; ஒழுகுவது கூரையும் கதவும்தான். கூரைக்குக் கீழே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, இடையில் ராக்வூல், கதவு இடுக்குக்கு ரப்பர். செய்துவிட்டால் விடுதிக்கு எதுவும் கேட்காது. மாலை 5 முதல் 8 வரை மட்டும் பழகட்டும். விழா மேடைக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது: ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 9:45க்கு முடிக்கட்டும். காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். காதில் அடைப்பான் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று எழுதிப் போடுவோம்.

இரண்டாவது பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீயில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் நடுவில் இருப்பது மனிதன். ஷெட்டுக்குத் தனி எர்த் பிட், எல்லாச் சாமானுக்கும் ஒரே எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. - இந்த வேலையை எங்கள் பேட்ச் ஈ.ஈ.இ. ஆட்கள் கூலி இல்லாமல் செய்து தருகிறோம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து டெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு.

மூன்றாவது, பார்ட்டி என்றாலே குடி என்ற பயம். நியாயமான பயம். ஆனால் கம்பத்தாட்டத்தில் ஆடுகிறவன் விரதம் இருந்து ஆடுகிறான். அவன் ஆட்டத்தில் குறை இருக்கிறதா? ஷெட்டில் சொட்டு மது கண்டால் அன்றோடு சாவி திரும்ப வரவேண்டும் என்று மாணவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் என் பையில் இருக்கிறது.

நாலாவது, படிப்பு. ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, கப்பாசிட்டரை மாற்றி, ராத்திரி எட்டு மணிக்குள் பேச வைப்பதும் படிப்புத்தானுங்க.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சாவி கிடைத்தால் முதல் மாசம் புதுச் சாமான் வாங்க நன்கொடை கேட்டு வராதீர்கள். இருப்பதை வைத்து மூன்று பாட்டு, மூன்று மூன்று நிமிஷம், நிற்காமல் வாசித்துப் பழகுங்கள். பிறகு ஒரு நாள் மெஸ் அண்ணன்மாரையும் அக்காமாரையும் கூப்பிட்டு வாசியுங்கள். அவர்கள் கால் ஆடினால் பாட்டு பாஸ். ஆடவில்லை என்றால் அரியர்.

மதியம் நடக்கும் பொதுக்குழுவில் ஷெட் விஷயம் ஏழாவது பொருளாக வருகிறது. சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாமல், எல்லாரும் இருந்து கை தூக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.