தீப்பொறிக்கு நேரம் தவறினால்



தோட்டத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு மோட்டார்சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியற்காலைப் பெரட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், நோயாளியை மருந்தகத்துக்குக் கொண்டு போவதும் அதில்தான். அது நின்றுவிட்டால் அன்றைய சம்பளமும் நின்றுவிடுகிறது. ஆகவே, கார்புரேட்டர் பொருத்திய சிறிய ‘கப்சாய்’ வண்டிகளில் அடிக்கடி நேரும் ஒரு கோளாற்றைப் பற்றி இன்று பேசுவோம்.

‘வேகம் கூடும்’ என்று சொல்லக் கேட்டு, வண்டியோடு வந்த சி.டி.ஐ. பெட்டியைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் ‘ரேசிங்’ பெட்டியை மாட்டுகிறார்கள் நம் இளைஞர்கள். பிறகு வண்டி இழுக்கவில்லை என்றால் பழி முழுவதும் பெட்டியின் மேல் விழுகிறது. அது சரிதானா?

முதலில் அந்தப் பெட்டியின் வேலை என்ன என்று பார்ப்போம். பிஸ்டன் மேலே ஏறிப் பெட்ரோல் காற்றை அழுத்துகிறது. பிளக் தீப்பொறி விடுகிறது. ஆனால் பெட்ரோல் காற்று ஒரே நொடிப்பில் எரிந்து முடிவதில்லை. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்கு நேரம் தேவைப்படுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒரு முழுச் சுற்றே நொடியில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழவேண்டும். இந்தக் கணக்கைப் போடுவதே சி.டி.ஐ. பெட்டியின் வேலை.

பொறி அளவுக்கு மீறி முந்தினால், உதைக்கும்போது மிதிகட்டை திருப்பி அடிக்கும். மேட்டில் ஏறும்போது உள்ளே ‘கிணுகிணு’ என்று தட்டும். அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டன் பொத்துப் போகவும் கூடும். பொறி பிந்தினாலோ, வண்டிக்கு வலு இராது. புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். சில வேளை அதில் வெடிச் சத்தம் கேட்கும்.

இனி, நாம் நேரில் கண்ட ஒரு சம்பவம். செம்பனைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் ஒரு பட்டறையில் புதிய பெட்டி மாட்டினார். அதே நாளில் மேக்னெட் சக்கரத்தையும் கழற்றி, உள்ளே இருந்த சுருளைப் பார்த்துப் பூட்டினார்கள். இரண்டு வாரத்தில் வண்டி இழுவை இழந்தது. பெட்டி கெட்டது என்று இன்னொரு பெட்டி வாங்க வைத்தார்கள். பயனில்லை. டைமிங் லைட் பிடித்துப் பார்த்தார்கள். குறி சரியாக இருந்தது! பழைய பெட்டியையே திரும்ப மாட்டினோம். அப்போதும் கோளாறு அப்படியே இருந்தது. ஆகவே குற்றவாளி பெட்டியன்று என்று தெரிந்தது.

பின் எது? மேக்னெட் சக்கரத்தைத் தண்டில் இடம் பிசகாமல் உட்கார வைக்க, அரைநிலா வடிவில் ஒரு சிறு இரும்புச் சாவி உண்டு. சக்கரத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சாவியன்று. நட்டை முறையான அளவுக்கு முறுக்குவதால் உண்டாகும் கூம்புப் பிடிப்பே பிடித்து வைக்கிறது. இங்கே நட்டு சரியாக முறுக்கப்படவில்லை. சாவி அறுந்து, சக்கரம் தண்டின்மேல் சற்றே பின்னுக்கு நழுவிவிட்டது.

அப்படியானால் டைமிங் லைட் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? பெட்டிக்குச் செய்தி அனுப்பும் மேடும் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது; நாம் பார்க்கும் குறியும் அதே சக்கரத்தில்தான் இருக்கிறது. சக்கரம் நழுவினால் இரண்டும் சேர்ந்தே நழுவும். முள் நழுவிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரம் சரி என்று சொல்வதுபோலத்தான்.

ஆகவே, நேயர்களே, புதிதாக எதையும் வாங்குமுன் இந்த வரிசையில் சோதியுங்கள்.

ஒன்று: பழைய பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதை மாட்டிப் பாருங்கள். கோளாறு நீங்கினால்தான் புதிய பெட்டியின்மேல் சந்தேகம் கொள்ளலாம். மேக்னெட் சுருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெட்டியும், பேட்டரியிலிருந்து எடுக்கும் பெட்டியும் வெவ்வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

இரண்டு: கம்பி இணைப்புகளைப் பாருங்கள். ஹோண்டா வண்டிகளில் பச்சைக் கம்பிதான் எர்த். அது துருப்பிடித்தால் பொறி தடுமாறும். பல்சர் சுருளுக்கு இரண்டு கம்பிகள் வரும் வண்டியில் அவற்றை மாற்றிக் கொடுத்தாலும் பொறியின் நேரம் பிசகும்.

மூன்று: பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் மெல்லிய பிளாஸ்டிக் உறிஞ்சு குழலை விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். குழல் ஏறி நின்று, மறுபடி இறங்கத் தொடங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே பிஸ்டனின் உண்மையான உச்சி இருக்கிறது. அப்போது சக்கரத்தின் ‘டி’ என்ற எழுத்துக் கோடு மூடியில் உள்ள குறிக்கு நேராக நிற்கவேண்டும். நில்லாவிட்டால் சாவியைப் பாருங்கள்.

நான்கு: ‘டி’ சரியாக இருந்த பிறகே டைமிங் லைட்டை எடுங்கள். மெதுவாக ஓடும்போது ‘எஃப்’ கோடு குறிக்கு நேராகத் தெரியவேண்டும். வேகம் கூட்டினால், அது குறிக்கு வந்து சேருமுன்பே ஒளிபட்டதுபோல் ஒழுங்காகப் பின்தங்கித் தெரியவேண்டும். கோடு அங்குமிங்கும் ஆடினால் பல்சர் சுருளின் திருகு தளர்ந்திருக்கலாம். அல்லது எர்த் கெட்டிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிப்பதை வெட்டவெளியில் செய்யுங்கள். அடைத்த அறையில் புகை உயிருக்கு ஆபத்து. சி.டி.ஐ. பெட்டியிலிருந்து சுருளுக்குப் போகும் மின்சாரம் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆகும். கம்பியைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்துங்கள். சிறு பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரின் வண்டிக்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரு சிறு அரைநிலாச் சாவியும், நட்டை அளவாக முறுக்கும் ஒரு கையும்தான். தண்டின் கூம்பும் சக்கரத்தின் துளையும் தேயாமல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். ஆனால் அதற்குள் இரண்டு பெட்டிகளுக்குக் காசு போயிருந்தது. கூலி உழைப்பில் வந்த காசு அது. பணப்பையைத் திறக்குமுன் பிளக் துளையைத் திறந்து பார்ப்போம். பிஸ்டன் பொய் சொல்லாது.