பாலர் உழைப்பும் நமது கடமையும்

(நமது சங்கத்தாரின் திண்டிவனம் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

நமது சங்கக் கூட்டங்களில் கல்வியைப் பற்றிப் பேசாதார் ஒருவருமில்லை. ஆண்டுதோறும் பரீக்ஷைகளில் மேன்மையாய்த் தேறிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசளித்து அகமகிழ்கிறோம். அது செய்யத்தக்கதே. ஆயினும், பரீக்ஷை மண்டபத்துக்கே வந்து சேராத பிள்ளைகளைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை. பொங்கல் கழிந்து சில நாட்களில் நமது கிராமத்துப் பாடசாலைகளுக்குள் சென்று பாருங்கள். மார்கழியில் நிறைந்திருந்த பலகைகளில் சில வெறுமையாய்க் கிடக்கும். உபாத்தியாயரைக் கேட்டால், "சூளைக்குப் போய்விட்டார்கள்" என்பார். அப்பிள்ளைகளைக் குறித்தே நான் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

செங்கல் சூளையின் வேலை முறையைப் பலரும் அறிவீர்கள். மேஸ்திரி வந்து குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்கிறார். பொங்கலுக்குப் பின் குடும்பம் முழுவதும் சூளைக்குப் பெயர்கிறது; மழைக்காலம் தொடங்கும்வரை அங்கேயே குடிசை போட்டு வாழ்கிறது. கூலி நாட்கணக்கில் அன்று, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்னும் கணக்கில் கிடைக்கிறது. தகப்பன் மண் பிசைந்து கல் அறுக்கிறான், தாய் சுமக்கிறாள். பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைப்பதும், காய்ந்ததை அடுக்குவதும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் எட்டு வயதுப் பெண்ணின் வேலையும் பத்து வயதுப் பையனின் வேலையும் ஆகின்றன. கணக்குப் புத்தகத்திலோ தகப்பன் பெயர் ஒன்றே காணப்படும். பிள்ளைக்குப் பெயருமில்லை, கூலியுமில்லை. அவன் புரட்டிய கல் தகப்பனுடைய ஆயிரத்தில் அடங்கிவிடுகிறது. கரும்பு வெட்டிலும் இதுவே நடைபெறுகிறது. அதிகாரி வந்து, "இங்கே சிறுவர் எவரேனும் வேலை செய்கின்றனரா?" என்று வினவினால், "இல்லை, பெற்றோரோடு வந்திருக்கிறார்கள்" என்று விடை கூறுவது எளிது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்குக் குறைவில்லை. 1881ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டவரை ஆலைகளில் சேர்க்கலாகாது என்றது. 1922இல் அவ்வயது பன்னிரண்டாக உயர்ந்தது. 1938ஆம் வருஷத்துச் சட்டம் ரயில்வே போக்குவரத்து வேலைகளில் பதினைந்து வயதுக்குட்பட்டவரை விலக்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 24ஆவது ஷரத்து, பதினான்கு வயதுக்குட்பட்ட எப்பிள்ளையையும் ஆலையிலோ சுரங்கத்திலோ அபாயமான தொழிலிலோ அமர்த்தக்கூடாதென விதித்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முதலாளி ரூ.20,000 செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2016ஆம் வருஷத்துத் திருத்தமோ, பதினான்கு வயதுக்குட்பட்டவரை எத்தொழிலிலும் அமர்த்துவதையே குற்றமாக்கிற்று. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறையோ, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவற்றுள் நாம் மறந்துவிட்ட சட்டம் ஒன்றுண்டு. 1929இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன், பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைக் கண்டு 1931இல் தன் அறிக்கையில் எடுத்துக் கூறிற்று. அதன் பயனாக 1933இல், பாலர் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடாக வைத்து எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அது கூறியது. பெற்றவனுக்கு ரூ.50 வரையிலும், ஒப்பந்தம் செய்துகொண்டவனுக்கு ரூ.200 வரையிலும் அபராதம் விதித்தது. அக்காலத்தில் அது சிறிய தொகையன்று. தீமையின் வாயில் முன்பணமே என்று அன்றே கண்டுகொண்டார்கள். நாமோ இன்னும் முன்பணத்தை மேஸ்திரியின் உபகாரம் என்றே பேசிவருகிறோம்.

சட்டம் இத்தனை இருந்தும் பிள்ளை சூளையில் இருப்பானேன்? சட்டம் தேடுவது முதலாளியையும் கூலியையும். நம் பிள்ளைக்கோ முதலாளி தகப்பன், கூலி சோறு. இது ஒன்று. மற்றொன்று, சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு. பாடசாலை நேரம் கழிந்த பின்பும் விடுமுறையிலும், அபாயமில்லாத வேலையில், பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவலாம் என 2016ஆம் வருஷத்துத் திருத்தம் அனுமதிக்கிறது. குடும்பம் என்பதற்குத் தாய், தந்தை, உடன்பிறந்தாரோடு தாய் தந்தையருடைய உடன்பிறந்தாரையும் சேர்த்துப் பொருள் கூறுகிறது. பெரியப்பனும் சித்தப்பனும், அத்தையும் சித்தியும், தாய்மாமனும் இதில் அடங்குவர். சட்டம் இம்மட்டோடு நிற்கிறது, நாம் நிற்கிறோமா? நம்மவருக்குள் ஊருக்கு ஊர் மாமன் முறையும் சித்தப்பன் முறையும் இல்லாதவர் யார்? முறை சொல்லி அழைக்கும் பழக்கத்தைக் காட்டிப் பிறன் பிள்ளையைப் பட்டறையில் நாள் முழுவதும் நிறுத்திவைக்க நாம் துணிந்தால், அக்குற்றம் சட்டத்தினுடையதாகாது, நம்முடையதே.

குலத்தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் பிழை என்ன என்று பெரியவர் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை தீர விசாரித்து முடித்தது. 1953இல் ராஜாஜியின் மந்திரிசபை, கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் பாடசாலையிலும் மிகுந்த நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்குமாறு ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 1954இல் அது கைவிடப்பட்டது. அரைநாள் திட்டத்தை எதிர்த்த ஜனங்கள் நாம். அப்படியிருக்க, வருஷத்தில் அரைப் பாகத்தை நம் கையாலேயே பிள்ளைகளிடமிருந்து பறிப்பது எவ்வகை நியாயம்?

வறுமையைப் பற்றிக் கூறாமல் இவ்விஷயத்தை முடிக்கலாகாது. வயிற்றுக்கில்லாதவனிடம் சட்டம் பேசுவது சுலபம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் கல்லுக்கு விலை பேசும்போது, நான்கு கைகளன்றி எட்டுக் கைகள் உழைக்கும் என்பதை மேஸ்திரி அறிந்தே பேசுகிறார். பிள்ளை உழைப்பதனால் குடும்பத்தின் வருமானம் உயர்வதைக் காட்டிலும், ஆயிரத்துக்குரிய கூலி தாழ்வதே மிகுதி. பிள்ளை தகப்பனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, தகப்பனுடைய கூலியையே குறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் வளர்ந்து, வேறு தொழில் அறியாதவனாய், அதே முன்பணத்துக்குக் கைநீட்டுகிறான்.

மேலும், பாடசாலை இன்று வெறுங்கையோடு பிள்ளையை அழைக்கவில்லை. காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வழங்கப்படுகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரகாரம், வயதுச் சான்றில்லை, மாற்றுச் சான்றிதழில்லை, சேர்க்கைக்காலம் கடந்தது என்னும் காரணங்களால் எப்பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது. வெளியூர்ச் சூளைக்குச் சென்றிருக்கும் பிள்ளையை அவ்வூர்ப் பாடசாலையிலேயே அன்றே சேர்க்கலாம். இதை அறியாமையால் நாம் இழந்த வருஷங்கள் எத்தனை!

இனிச் சற்றுக் கசப்பான உண்மையைக் கூற அனுமதியுங்கள். சூளையில் உழல்வோர் மட்டும் நம்மவரல்லர். சூளை நடத்துவோரிலும் மேஸ்திரிகளிலும் நம்மவர் இருக்கிறார்கள். அவர்களிடம் சிக்கியிருப்போர் நம் ஏழைகள் மட்டுமன்று. நம்மினும் எளியவராகிய இருளர் குடும்பங்களும் உண்டு. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்தால் கட்டுண்ட அம்மக்களுக்காக, இதே திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து உழைத்தார். பணபலமும் ஆள்பலமும் இல்லாத ஜனங்களுக்கு ஒரு சங்கம் அவ்வளவு செய்ய இயலுமாயின், இத்தனை பலமுள்ள நாம் சும்மாயிருப்பது தகுமா? ஜாதியின் பெருமை பிறரை அடக்குவதில் இல்லை. தன்னவர் செய்யும் தவற்றைத் தானே திருத்திக்கொள்வதில் இருக்கிறது.

ஆகையால், மூன்று காரியங்களை இச்சபையின் முன் வைக்கிறேன். முதலாவது, நம்மவரில் சூளையும் பட்டறையும் நடத்துவோர், பதினான்கு வயதுக்குட்பட்ட எப்பிள்ளையையும், அது எவ்வினத்துப் பிள்ளையாயினும், தம் இடத்தில் வேலை செய்ய விடமாட்டோம் என்று இச்சங்கத்துக்கு எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். இரண்டாவது, கலியாண மண்டபம் கட்டவும் ஆண்டு விழாவுக்கும் சேரும் நிதியில் ஒரு பங்கை, முன்பணத்துக்குக் கையேந்தும் குடும்பங்களுக்குத் தை மாதத்துக்கு முன்பே வட்டியில்லாக் கடனாக அளிக்க வேண்டும். மூன்றாவது, கிளைச் சங்கம் ஒவ்வொன்றும் மாசி மாதத்தில் தன் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, வராத பிள்ளைகளின் பெயரைக் கேட்டுவந்து, சென்ற இடத்தில் அவர்களைச் சேர்ப்பிக்க வேண்டும்.

இவற்றுக்கும் இணங்காதவர் இருப்பின், 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி கொத்தடிமைக் கடன் யாவும் அற்றுப்போகும். அக்கடன் அவ்வகையினதன்று என நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவனையே சாரும். கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். பிள்ளைகளைப் பற்றி 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். நம்மவன் என்பதற்காக அந்த மனுவை எழுதத் தயங்குவோமாயின், பரிசளிப்பு விழாவில் கைதட்டும் யோக்கியதை நமக்கில்லை.

அடுத்த தை மாதத்தில் மேஸ்திரி வரும்போது, நம் கிராமத்துத் தகப்பன் ஒருவன், "நான் வருகிறேன், என் பிள்ளை பாடசாலைக்குப் போகிறான்" என்று தலைநிமிர்ந்து சொல்வானாயின், இச்சங்கம் கூடியதற்குப் பயன் கிட்டியதெனக் கொள்வேன்.