பால்மரத் தோட்டத்தில் ஒரு பாடம்

தொழிலாளர் கல்வி என்றதும் மண்டபம், மாலை, நீண்ட சொற்பொழிவு என்றே நம்மில் பலருக்கு நினைவு வரும். அதன் உண்மையான பயனை அறிய, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டிலுள்ள ஓர் இரப்பர்த் தோட்டத்தைப் பார்ப்போம்.

1926ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அந்நாட்டில் 10 இலட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. ஹார்பெல் தோட்டம் அப்படி உருவானதே. 1989க்கும் 2003க்கும் இடையில் மூண்ட இரு உள்நாட்டுப் போர்கள் நாட்டைச் சீர்குலைத்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பு பாழாயிற்று.

போர் ஓய்ந்த பின்னும் பால்வெட்டுத் தொழிலாளியின் பாடு தீரவில்லை. நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட மரங்களோ நூற்றுக்கணக்கில். மனைவியும் பிள்ளைகளும் கைகொடுத்தால்தான் வெட்டி முடியும். முடித்தால்தான் முழுச் சம்பளம். ஏறத்தாழ 70 ராத்தல் கனமுள்ள வாளிகள் இரண்டைக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். காண்டா வாளியின் கனத்தை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! ஐக்கிய நாட்டு நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட அறிக்கையும் லைபீரியத் தோட்டங்களின் இந்நிலையை எடுத்துக் காட்டியது.

சங்கம் இல்லாமலில்லை, இருந்தது. அதன் தலைமை நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தது என்பதே தொழிலாளர்களின் மனக்குறை. அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். 2007 ஜூலையில் சுதந்திரமான தேர்தல் நடந்து, புதிய தலைவர்கள் வந்தனர். பழைய தலைமை வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தேர்தல் செல்லும் என்றது.

வென்றாயிற்று. இனிக் கணக்கு தெரிந்த நிர்வாகத்தின் எதிரே உட்கார்ந்து பேச வேண்டுமே! அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கமும் அந்நாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் ஒற்றுமை மையமும் பயிற்சியளித்துத் துணை நின்றன. 2008 ஆகஸ்டில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சம்பளம் உயர்ந்தது, மரக்கணக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தகப்பனுக்குக் கைகொடுக்கப் பிள்ளை விடியலில் மரத்தடிக்குப் போக வேண்டிய கட்டாயமும் அதனால் தளர்ந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று நூறு முறை உபதேசிப்பதைவிட இந்த ஒரு விதி வலியது என்பது, தோட்டப் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதும் என் எண்ணம்.

இத்தகைய வகுப்பில் கற்பிக்க வேண்டியது என்ன? நிறுவைத் தராசைப் பார்த்து எடையைச் சரிபார்த்தல், சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கு என்று கேட்டறிதல், ஒப்பந்தத்தின் விதியை வாய்விட்டுப் படித்தல், புகாரை நாள் குறித்து எழுதுதல். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதலாம். பாடநூல் வேண்டியதில்லை, அவரவர் சம்பளச் சீட்டே போதும்.

போரால் நொந்த நாட்டில் தலைவர் ஒருவரை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிப்பது போதாது. அவர் விலகினால் படிப்பும் அவரோடு போய்விடும். டிவிஷனுக்கு இருவராவது, அதிலும் ஒருவர் பெண்ணாக, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குக் காலவரையறை உண்டு. அது முடியும்போது மீண்டும் பேச்சுவார்த்தை மேசைக்கு ஆள் வேண்டும்.