பிள்ளை வாழும் இடத்தைப் பார்த்து வாருங்கள்



நம் தோட்டப்புறக் குடும்பங்களில் மகனோ மகளோ சிங்கப்பூரில் வேலை பார்ப்பது புதிய செய்தியன்று. தீபாவளிக்கு வருகிறார்கள், மூன்று நாள் இருக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆனால், "பிள்ளை அங்கே எப்படி இருக்கிறான், போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பல பெற்றோர் இல்லையென்றே தலையாட்டுகிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனுடைய தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "வாத்தியாரே, அந்த ஊர்க் காசு ஒன்று நம் காசு மூன்றுக்கு மேல். இவன் அனுப்புவதோ கொஞ்சம். மீதியை என்ன செய்கிறான்?" என்று மனம் நொந்து கேட்டார். "பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்" என்ற பழமொழியையும் சொல்லிக் கண் கலங்கினார். "அண்ணே, அக்காவையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள், பிறகு பேசுவோம்" என்றேன்.

போய் வந்தார்கள். அவர்கள் கண்டது என்ன? ஓர் அறையில் நான்கு கட்டில்கள். அதில் ஒன்று மகனுடையது. இரவு வேலை முடிந்து காலையில்தான் வந்து படுக்கிறான். தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம். வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம், வீட்டுக்கு அனுப்பியது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தான். திரும்பி வந்த தந்தை என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "சம்பளம் மட்டுமல்ல வாத்தியாரே, செலவும் அந்த ஊர்க் காசுதான்."

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வேலை செய்தால் முதலாளியும் தொழிலாளியும் சேமநிதிக்குப் பணம் கட்டுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டின் சேமநிதி கிடையாது. ஆகவே, பிள்ளை தன் கையில் மிச்சம் வைப்பதுதான் அவன் முதுமைக்குத் துணை. அவன் விரும்பினால், நம் ஊழியர் சேமநிதிக்குத் தானாகவே பணம் செலுத்தி வரலாம். அனுப்பும் பணம் குறைகிறதே என்று வருந்தும்முன், அவன் தனக்கென்று எதையாவது சேர்க்கிறானா என்று கேளுங்கள்.

சரி, புறப்படுவது எப்படி? 1924-ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் 1965-இல் சிங்கப்பூர் தனிநாடானது. எனவே கடப்பிதழ் வேண்டும். அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுக்க 200 ரிங்கிட். அறுபது வயது நிறைந்தவர்களுக்கு 100 ரிங்கிட்.

சிங்கப்பூர் வருகைப் படிவத்தைப் போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்திலிருந்து பேருந்து கிடைக்கும். இரு நாட்டுச் சாவடிகளிலும் பையோடு இறங்கி, கடப்பிதழைக் காட்டி, மீண்டும் ஏற வேண்டும். பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வார இறுதியிலும் விடுமுறையிலும் கூட்டம் அதிகம். முழங்கால் வலியுள்ளவர்கள் வார நாளில் போவது நல்லது.

தாய்மார்களே, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையை அங்கே கொண்டுபோகத் தடை உண்டு. அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிகரெட் ஒரு பெட்டியானாலும் தெரிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை அவற்றின் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று.

போகுமுன் பிள்ளையின் ஓய்வு நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை அறையில் நினைத்தபடி விருந்தினரைத் தங்கவைக்க முடியாது. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இயலாவிட்டால் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். உறவினர் கொடுத்த சாமான் பட்டியலை அவன் கையில் நீட்டாதீர்கள். அறைத் தோழர்கள் முன்னிலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். ஊறுகாய் ஒரு போத்தல், அம்மா கையால் அரைத்த மசாலைத்தூள் கொஞ்சம், இவை போதும்.

அந்தத் தந்தை முன்பெல்லாம் தொலைபேசியில், "பணம் போட்டாயா?" என்றுதான் தொடங்குவாராம். இப்பொழுது, "தூங்கினாயா?" என்று கேட்கிறாராம். அனுப்பும் தொகை மாறவில்லை. ஆனால் முன்பு மாதத்துக்கு ஒருமுறை பேசிய மகன், இப்பொழுது வாரந்தோறும் அழைக்கிறான்.

பெற்றோர்களே, பிள்ளை அனுப்பும் பணத்தை எண்ணுகிறோம், அது தவறில்லை. அதை அவன் எந்த இடத்திலிருந்து அனுப்புகிறான் என்பதையும் ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்து வாருங்கள்.