கொடுத்துத் தீர்த்த குடும்பம்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் சார்பில் மாணவர் உதவி நிதி ஒன்று தொடங்கப் போகிறோம், அதையொட்டிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். அறிவுரை சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க. அதனால் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் வாழ்ந்த ஒரு யூதக் குடும்பம் அது. தலைவர் பெயர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1862-ல் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஆபிரகாம் லிங்கனின் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. ஜவுளி வியாபாரம் பழகி, 1895-ல் 'சியர்ஸ், ரோபக்' கம்பெனியில் பங்குதாரராகச் சேர்ந்தார். தடிமனான கேட்லாக் ஒன்றை அச்சடித்துக் கிராமம் கிராமமாக அனுப்பி, தபாலிலேயே சகல சாமான்களையும் விற்ற கம்பெனி அது. பணம் கொட்டியது.

அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவருக்கு விடை கொடுத்தது அவருடைய மதம். யூதர்கள் கொடைக்குச் சொல்லும் சொல் 'செதாகா'. 'நீதி' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது, கொடுப்பது தயவு இல்லை, தர வேண்டியதைத் தருவது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது இரண்டாவது உயர்ந்த படிதான். உச்சிப் படி எது தெரியுமா? கஷ்டப்படுகிறவனுக்குக் கடனோ வேலையோ கொடுத்து, அல்லது அவனைத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்து, அவன் இனிமேல் யாரிடமும் கை நீட்டாதபடி செய்வது. ரோசன்வால்ட் போய்வந்த சினாய் ஆலயத்தின் குரு எமில் ஹிர்ஷ், செல்வம் உள்ளவனுக்குக் கடமையும் உண்டு என்று ஓயாமல் போதித்தவர்.

முதலில் அவர் தம் சமூகத்துக்குச் செய்தார். ருஷ்யாவிலும் போலந்திலும் இருந்து உயிர் தப்பி வந்த ஏழை யூதர்கள் சிகாகோவில் நெரிசலான தெருக்களில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கான யூத அறநிலையக் கூட்டமைப்புக்குப் பல ஆண்டுகள் தூணாக நின்றார். 1917-ல், முதல் உலகப் போரில் அல்லல்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்காக ஒரு கோடி டாலர் திரட்ட முடிவானபோது, "நீங்கள் திரட்டும் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் நான் ஒரு லட்சம் தருகிறேன்" என்றார். அதாவது மொத்தம் பத்து லட்சம் வரை. ஆனால் மற்றவர்களும் கை போட வேண்டும். இந்த நிபந்தனையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

அவர் தம் சமூகத்தோடு நிற்கவில்லை. 1908-ல் அவர் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டிலேயே கருப்பின மக்கள் மீது பெரிய கலவரம் நடந்தது. ருஷ்யாவில் யூதர்களுக்கு நடப்பதும் இங்கே கருப்பின மக்களுக்கு நடப்பதும் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. 1911-ல் டஸ்கீகி கல்லூரியின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். அவர் அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்தவர். 1912-ல் தம் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ரோசன்வால்ட் டஸ்கீகிக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சிய கொஞ்சப் பணத்தில் அலபாமா கிராமங்களில் ஆறு சின்னப் பள்ளிக்கூடங்கள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். கட்டினார்கள். அதுதான் விதை.

1917-ல் குடும்பத்தின் பெயரால் ரோசன்வால்ட் நிதி பதிவாயிற்று. 1932-க்குள் தென் பகுதியின் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால், கிழக்கிலும் மேற்கிலும் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் வைத்து, வெளிச்சம் வரும்படி வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள்.

இங்கேயும் அதே நிபந்தனை. நிதி ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு, அரசாங்கம் ஒரு பங்கு. பள்ளி கட்டி முடிந்தபின் அதை அரசாங்கமே நடத்த வேண்டும். கணக்கைப் பாருங்கள்: நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். குத்தகை விவசாயிகளும் கூலிகளுமான கருப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர்! கோழி விற்றார்கள். பள்ளிக்கென்று தனியாகப் பருத்தி விதைத்தார்கள். மரம் வெட்டிக் கொடுத்தார்கள். அலபாமாவின் பொலிகீ என்ற ஊரில், அடிமைக் காலத்தைக் கண்ட ஒரு முதியவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த 38 டாலரைப் பழைய பையிலிருந்து மேஜையில் கொட்டினார் என்று பதிவு இருக்கிறது. அவருடைய 38 டாலர் பெரிசா, ரோசன்வால்டின் லட்சம் பெரிசா? நீங்களே சொல்லுங்கள்.

இதில் குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அந்த மக்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். வெள்ளையர் பிள்ளைகளுக்கு வரிப்பணத்திலேயே பள்ளி வந்தது. இவர்கள் மட்டும் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்த சட்டத்தை இந்தத் திட்டம் எதிர்க்கவில்லை. அதற்கு உட்பட்டே நடந்தது. அந்தப் பாகுபாடு சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1954 ஆகிவிட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஜான் லூயிஸ் படித்தது ஒரு ரோசன்வால்ட் பள்ளியில். எழுத்தாளர் மாயா ஏஞ்சலூவும் அப்படியே. அநீதிக்கு உள்ளேயே கட்டிய பள்ளியில் படித்தவர்கள் அந்த அநீதியை எதிர்த்து நின்றார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். ரோசன்வால்ட் 1929-ல் ஒரு கட்டுரை எழுதினார். என்றைக்கும் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் அறக்கட்டளைகள் வேண்டாம் என்பது அவர் கட்சி. செயின்ட் லூயிஸ் நகரின் முன்னாள் மேயர் முல்லன்ஃபி என்பவர், மேற்கே குடியேறப் போகும் ஏழை வழிப்போக்கர்களுக்கு உதவ 1851-ல் சொத்து எழுதி வைத்தார். ரயில் வந்தது, வழிப்போக்கர் கூட்டம் ஓய்ந்தது. பணம் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது! அவரவர் தலைமுறையின் தேவையை அவரவர் பார்க்க வேண்டும், அடுத்த தலைமுறையிலும் நல்லவர்கள் பிறப்பார்கள் என்று நம்ப வேண்டும் என்றார். சொன்னபடி, தாம் இறந்து 25 ஆண்டுக்குள் அசலும் வட்டியும் செலவாகிவிட வேண்டும் என்று 1928-லேயே நிபந்தனை போட்டார். 1932-ல் இறந்தார். 1948-லேயே நிதி முழுவதையும் செலவழித்துக் கதவைச் சாத்தினார்கள். கடைசி ஆண்டுகளில் அந்த நிதியின் உதவித்தொகை பெற்றவர்களில் இளம் ஜேம்ஸ் பால்ட்வினும் ஒருவர்.

பெயரிலும் அவருக்கு ஆசையில்லை. சிகாகோவின் விஞ்ஞானத் தொழில் அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றார். ஆனால் அந்தக் கிராமத்துப் பள்ளிகளை மக்களே 'ரோசன்வால்ட் பள்ளி' என்று அழைத்தார்கள்.

நண்பர்களே, நம் நிதியை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு வருஷத்துக்கு நாலு பேருக்கு வட்டியைப் பங்கு வைக்கலாம். பலகையில் நம் பெயரை எழுதிக்கொள்ளலாம். அதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆண்டு விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊருக்குத் திரும்பும் பையனுக்கு, இருபது வருஷம் கழித்து வளரப்போகும் வட்டியால் என்ன பயன்? பத்து ஆண்டுக்குள் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, தேவையான அளவு கொடுப்போம். உதவி பெற்றுப் படித்தவர்களைக் குழுவில் சேர்ப்போம். அவர்களால் முடிந்ததை, அது நூறு ரூபாயானாலும், அடுத்தவருக்குப் போடச் சொல்வோம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையிடம் முதலிலேயே பங்கு கேட்க வேண்டாம். அந்தக் குறை நமக்கு வேண்டாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வாங்குவதற்குக் கூச்சப்படாதீங்க. உங்களுக்குச் சேர வேண்டியதுதான் உங்களிடம் வருகிறது. உங்கள் முறை வரும்போது நீங்களும் கை போடுங்கள்.