உயரழுத்தமும் அலைவுகாட்டியும்

எங்கள் குருநகரில் கடல் தரும் மீனைக் காப்பது ஐஸ். ஐஸை ஆக்குவது மின்சாரம். குளிரூட்டும் மோட்டார்கள் பலவற்றை இக்காலத்தில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவிகள் இயக்குகின்றன. 400 வோல்ற்று மூவவத்தை மின்சாரம் அவற்றினுள்ளே ஏறத்தாழ 565 வோல்ற்று நேரோட்டமாகிறது. அதனைப் பழுதுபார்ப்பவர் அலைவுகாட்டியை நாடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நான் கலை பயின்றவன். ஆயினும் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு இக்கருவி வரும்போது பொறுப்பு அதிபருடையதன்றோ?

அலைவுகாட்டியின் சலாகையில் அளப்பது கூர்முனை மட்டுமே. மற்றைய கவ்வி, கருவியின் உலோகப் பெட்டியோடும் சுவர்ச் செருகியின் புவித்தொடுப்போடும் இணைந்தது. எதிர்முனைதானே என்று அக்கவ்வியை மோட்டார்க் கருவியிற் பொருத்தினால், மின் நேரே நிலத்துக்குப் பாயும், பொறி பறக்கும், கருவியும் பாழாகும். "புவித்தொடுப்பைக் கழற்றிவிட்டாற் போயிற்று" என்று துணிபவர் உளர். பொறி பறவாதுதான். ஆனால் பெட்டி முழுவதுமே உயிர்க்கம்பியாகிவிடும். அதைத் தொடுபவர் உடலே நிலத்துக்கு வழி.

இதற்கென அமைந்தது டிபரன்ஷியல் புரோப் எனும் வேறுபாட்டுச் சலாகை. இதன் இரு முனைகளும் அளப்பவை. இரண்டும் பெருந்தடைகளின் வழியே செல்வன. முனைகளிடையேயுள்ள வேறுபாட்டை நூறில் அல்லது ஆயிரத்தில் ஒரு பங்காக்கி இது அலைவுகாட்டிக்கு அளிக்கும். புவித்தொடுப்பு இருந்தபடியே இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று எனினும் உச்சம் 325 என்பதை நினைத்து, சலாகையிற் பொறித்த எல்லையை முதலிற் பார்த்தல் வேண்டும். 2013 இல் சுன்னாகத்துக்கு வந்த 132,000 வோல்ற்றுக்கு இது உதவாது.

ஆளியை அணைத்த பின்னரே முனைகளைப் பொருத்துக. அணைத்தவுடனும் கைவைத்தலாகாது; கொள்ளளவிகள் சில நிமிடங்கள் ஏற்றத்தைத் தாங்கி நிற்கும். தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, வோல்ற்றுமானியால் வடிந்ததை உறுதிசெய்த பின்பே கம்பியைத் தொடலாம்.